எட்டு போட்டவர்கள்

1

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவன் லைசென்ஸ் வாங்கிவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. "எட்டு போட்டுட்டான்" என்பார்கள். ஆர்.டி.ஓ. மைதானத்தில் தரையில் வரைந்திருக்கும் எட்டின் மீது கால் ஊன்றாமல் வண்டியை ஓட்டிக் காட்டினால் போதும். அதற்குப் பிறகு நம்மை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. என் நண்பன் முதல் தடவையிலேயே எட்டு போட்டவன். நான் மூன்றாவது தடவையில். அதை வைத்தே ஒரு வருஷம் என்னை ஓட்டிக்கொண்டிருந்தான்.

2018-இல் நாங்கள் இருவரும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. வழக்கமாக ஜனவரியில் வரும் சாலைப் பாதுகாப்பு வாரம் அந்த வருஷம் ஏப்ரல் 23 முதல் 30 வரை வந்தது. செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால், உச்சி வெயிலில், என்.எஸ்.எஸ். மாணவர்களை வரிசையாக நிறுத்தி ஊர்வலம் கூட்டிப்போனார்கள். 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' பேனரின் ஒரு முனையை அவன் பிடித்திருந்தான், மறுமுனையை நான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நின்று உறுதிமொழி எடுத்தோம். மோரும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். முடிந்ததும் அவன் வண்டியில்தான் வீட்டுக்கு வந்தோம். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தது.

ஜூன் மாதம் ஓர் இரவு, அக்கா வீட்டுக்காரரைச் சென்னை பஸ் ஏற்றிவிட்டுப் புறவழிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தவன்மீது, முன்னால் போன வண்டியை முந்திக்கொண்டு வந்த லாரி நேருக்கு நேர் மோதியது. அவன் குடித்திருக்கவில்லை. லைசென்ஸ் சட்டைப் பையில் இருந்தது. 108 வந்தது, முதலுதவி நடந்தது, அங்கிருந்து வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் செத்துப்போனான். அவனுக்கு இருபது வயது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவன் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "ரெண்டு பேரும் துணியப் புடிச்சிக்கினு ரோட்டுல போனீங்களேடா, அதுல இன்னாதான்டா சொல்லிக் குடுத்தாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தக் கேள்விக்கு நான் இத்தனை வருஷம் கழித்துத் தேடிக்கொண்டிருக்கும் பதில்.

2

முதலில் படித்தது அவனுடைய எஃப்.ஐ.ஆர். காகிதத்தை. இழப்பீட்டு வழக்குக்காக மாமா அதை நகல் எடுத்துவரச் சொல்லியிருந்தார். விபத்து வழக்கு எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு தொடர் இருக்கும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.' லாரிக்காரரைப் பற்றி அப்படி எழுதியிருந்தது. நான்கு பக்கம் தள்ளி வந்த ஒரு வாக்குமூலத்தில், கிட்டத்தட்ட அதே வார்த்தைகள் என் நண்பனைப் பற்றியும் இருந்தன.

இந்தத் தொடருக்கு வயது 150-க்கும் மேல். இந்திய தண்டனைச் சட்டம் 1860-இல் வந்தது. கொலை நோக்கமில்லாமல், அசட்டுத் துணிச்சலாலோ கவனக்குறைவாலோ உயிரிழப்பு ஏற்படுத்துவதைத் தண்டிக்கும் 304-ஏ பிரிவை 1870-இல் சேர்த்தார்கள். அன்றைக்கு உலகத்தில் எங்கும் பெட்ரோல் கார் கிடையாது. மாட்டுவண்டி, குதிரைவண்டி, தோணி, நாட்டு வைத்தியம் இவற்றையெல்லாம் மனதில் வைத்து எழுதிய சட்டத்துக்குள், பிற்பாடு பஸ்ஸும் லாரியும் மோட்டார் பைக்கும் வந்து ஏறிக்கொண்டன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. எண் மாறியது, நினைப்பு மாறவில்லை. ஒரு விபத்து நடந்தால் அதற்குக் காரணமான ஆள் ஒருவன் இருக்க வேண்டும், அவன் மனதில் ஒரு குறை இருக்க வேண்டும். வளைவைத் தப்பாக வரைந்த சாலைக்கோ, நடுவில் தடுப்பு வைக்காத முடிவுக்கோ எஃப்.ஐ.ஆரில் கட்டம் கிடையாது.

சாலைப் பாதுகாப்பு வாரமும் இந்த நினைப்பின் பிள்ளைதான். குறை இளைஞனின் மனதில் இருக்கிறது என்றால், மருந்தும் அங்கேதான் போட வேண்டும். அதனால் ஊர்வலம், உறுதிமொழி, கோலப்போட்டி, எமன் வேஷம் போட்டு சிக்னலில் நிற்கும் நாடகம்.

இளைஞர்கள் சாகிறார்கள் என்பதில் பொய் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குள். பத்தில் எட்டுக்கும் மேல் ஆண்கள். 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஆண்பிள்ளைகளின் ரத்தத்தில் வேகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு வீட்டில் வண்டிச் சாவி யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மாமாவை பஸ் ஏற்ற யாரை அனுப்புகிறோம்? நைட் ஷிப்ட் யாருக்கு? அவன் அன்றைக்குச் சாலையில் இருந்தது வேகத்துக்காக இல்லை. வீட்டில் சொன்ன வேலையைச் செய்யப் போயிருந்தான்.

3

சொல்லிக்கொடுத்தால் சாவு குறையுமா? இதை ஊகத்தில் விடாமல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிகால்ப் என்ற மாவட்டத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 16,000 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் மாதிரி முடிவு செய்தார்கள். ஒரு குழுவுக்கு அதுவரை இல்லாத அளவுக்கு விரிவான ஓட்டுநர் பயிற்சி, இன்னொன்றுக்குச் சுருக்கமான பயிற்சி, மூன்றாவது குழுவுக்குப் பள்ளியில் பயிற்சியே இல்லை. பிறகு வருஷக்கணக்கில் அவர்களின் விபத்துப் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். லைசென்ஸ் எடுத்த முதல் சில மாதங்கள் தெரிந்த சிறு நன்மையும் பிறகு கரைந்துபோனது. வேறொன்று நடந்தது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே லைசென்ஸ் எடுத்து, சீக்கிரமே சாலைக்கு வந்தார்கள். சாலையில் அதிக நாள் இருந்ததால், பயிற்சியால் கிடைத்திருக்கக்கூடிய லாபமும் போயிற்று.

நார்வேயில் நடந்தது இன்னும் சங்கடமான கதை. பனியில் வண்டி வழுக்கினால் எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது என்று புது ஓட்டுநர்களுக்குக் கட்டாயப் பயிற்சி கொடுத்தார்கள். வழுக்குச் சாலையில் இளம் ஆண்களின் விபத்து அதற்குப் பிறகு கூடியது. வழுக்கினால் சமாளித்துக்கொள்ளலாம் என்ற தைரியம், வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பயத்தைத் தின்றுவிட்டது.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 2001-இல் பள்ளி ஓட்டுநர் கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே முடிவுக்குத்தான் வந்தது: விபத்து குறைந்ததற்கு ஆதாரம் இல்லை, லைசென்ஸ் வயது முன்னால் வருவதற்கு ஆதாரம் இருக்கிறது. இந்தியாவில் டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் தினேஷ் மோகன், 2021-இல் இறக்கும்வரை, பிரசாரத்தால் சாலைச் சாவு குறையாது, சாலையையும் வண்டியையும் மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதைப் படித்தபோது என் நண்பன் கால் ஊன்றாமல் எட்டு போட்டது ஞாபகம் வந்தது. அவன் நல்ல ஓட்டுநர். நான்தான் தடுமாறுகிறவன். அவன் வண்டியில் போகிற இடத்துக்கெல்லாம் நான் பஸ்ஸில் போனேன். திறமை அவனைச் சாலைக்குக் கொண்டுவந்தது. திறமையின்மை என்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்காது, ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

4

அப்படியானால் எதுவுமே வேலை செய்யாதா? செய்கிறது. ஆனால் வேலை செய்தவை வேறு மாதிரியானவை.

நியூசிலாந்து 1987 ஆகஸ்டில் படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. முதலில் பழகுநர், பிறகு கட்டுப்பாட்டு லைசென்ஸ், கடைசியில்தான் முழு லைசென்ஸ். நடுக்கட்டத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொள்ளக் கூடாது. பையன்களின் மனதை மாற்ற முயலவில்லை. ஆபத்தான நேரத்தையும் ஆபத்தான கூட்டத்தையும் அவர்களிடமிருந்து கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்தார்கள். 15 முதல் 19 வயதுக்குட்பட்டோர் சாலையில் காயப்படுவது 23 சதவீதம் குறைந்ததாக 1996-இல் வந்த ஆய்வு சொன்னது. நம்மிடம் இந்த நடுப்படி கிடையாது. 18 வயது முடிந்து எட்டு போட்டால், அன்றைக்கு ராத்திரியே இரண்டு மணிக்கு 390 சி.சி. வண்டியில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போகலாம். சட்டப்படி தப்பில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச்சொல்லும் சோதனையைத் தொடங்கியது. உயிரிழப்பு விபத்துகள் உடனே இறங்கின. தொடர்ந்து செய்ததால் இறங்கினது ஏறவில்லை. மாட்டுவோம் என்ற பயம் தினசரி இருந்தால்தான் வேலை செய்யும், வாரத்துக்கு மட்டும் வந்தால் செய்யாது.

ஹெல்மெட் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விபத்தில் சிக்கிய இருசக்கர ஓட்டுநர் சாகும் வாய்ப்பை அது 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாளில் பிடி தளர்ந்தது. 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் மறுபடி கட்டாயம். எங்கள் ஊரில் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து ஹெல்மெட் குவித்து விற்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் ஹெல்மெட் வந்தது. போலீஸ் நிற்கும் இடம் வந்ததும் தலைக்கு ஏறியது, தாண்டினதும் டேங்குக்கு இறங்கியது. என் நண்பனின் ஹெல்மெட்டும் அந்த வருஷம் வாங்கியதுதான்.

இந்தியாவின் சாலைப் பாதுகாப்பு வரலாற்றில் இரண்டு முக்கிய வழக்குகள் தமிழ்நாட்டிலிருந்து போனவை என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று, கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு. உடைந்து வரும் எலும்புகளை ஒட்டவைத்துக்கொண்டே இருக்கிற ஒருவர், ஏன் இத்தனை பேர் உடைந்து வருகிறார்கள் என்று கேட்டார். அதன் விளைவாக 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, போனில் பேசிக்கொண்டு ஓட்டுவது போன்றவற்றுக்கு மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கச் சொன்னது அந்தக் குழுதான்.

இன்னொன்று, வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடின. அதற்குள்ளாகவே, சிறிய ஊர்களுக்கு 500 மீட்டர் 220 ஆகியிருந்தது. ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் வந்தது. கடைகள் திரும்பின. ஒரு நல்ல மருந்தைப் பாதிக் குப்பியில் நிறுத்திவிட்டு, நோய் தீரவில்லையே என்று கேட்கிற மாதிரி.

5

சாலை என்ன செய்யும் என்பதை எனக்குப் புரியவைத்தது கல்வராயன் மலை.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குவார். ஒருநாள் கூடப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலை ஏறும் பாதை. இந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து, 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில்தான் ஜாகீர் முறை முடிந்தது. மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே அதற்குப் பிறகு, மெதுவாக, விட்டுவிட்டு வந்தவை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறக்கிய கதைகளை அங்கே வயசானவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்களின் பேரன்கள் இப்போது பைக் ஓட்டுகிறார்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வந்த பையன்களைப் பார்த்தபடி போனேன். பாதிப் பேர் தலையில் ஹெல்மெட் இல்லை. ஒரு வண்டியில் மூன்று பேர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணன் சிரித்தார்.

"இங்க ஒண்ணும் ஆகாதுடா தம்பி. விழுவானுங்க, முட்டி பேந்துக்கும், எழுந்து போயிடுவானுங்க. இந்தப் பசங்க கீழ எறங்கி நாலுவழி ரோட்ட ஏறுனாத்தான் எனக்கு பயம்."

"ஏன்ணே?"

"மேல ரோடே அடக்கி வெச்சிருக்குது. இருபதுக்கு மேல போக முடியாது. கீழ எவன் அடக்குறது?"

அவர் சொன்னது மலைக்கு முழு நியாயம் செய்யவில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தால் மலையிலும் சாவுதான். பஸ் போதாத ஊரில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. 'சரக்கு வாகனத்தில் பயணம் செய்யாதீர்' என்று போர்டு வைப்பது சுலபம், காலையில் ஒரு பஸ் கூடுதலாக விடுவது அதைவிடக் கஷ்டம். ஆனால் அடிப்படையில் அண்ணன் சொன்னது, உலகச் சாலைப் பாதுகாப்பு வரலாற்றில் பெரிய திருப்பமாகக் கருதப்படுகிற விஷயம்.

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் 'பூஜ்ய இலக்கு' கொள்கையை ஏற்றது. மனிதன் தப்பு செய்வான், அந்தத் தப்புக்கு மரணம் தண்டனையாக இருக்கக் கூடாது, சாலையை அப்படி அமைப்பது அரசின் வேலை என்றது அந்தக் கொள்கை. அடுத்த வருஷத்திலிருந்து, நேருக்கு நேர் மோதல் அதிகம் நடந்த அகலமான இருவழிச் சாலைகளின் நடுவே எஃகு வடத் தடுப்பு கட்டத் தொடங்கினார்கள். சாலையை அகலப்படுத்தவில்லை, கோடு மாற்றி வடம் கட்டினார்கள், அவ்வளவுதான். அந்தச் சாலைகளில் சாவு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. ஓட்டியவர்கள் அதே ஆட்கள். அவர்களுக்கு யாரும் புதிதாக உறுதிமொழி வாங்கிவைக்கவில்லை.

இப்போது எங்கள் சாலைக்கு வருகிறேன். சேலம்–உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலையை நான்குவழியாக்கினார்கள். ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை என்று ஊர்களைச் சுற்றிப்போகும் புறவழிச் சாலைகளை மட்டும் இருவழியாகவே விட்டார்கள். நடுவில் தடுப்பு கிடையாது. நான்குவழியில் நூறில் வருகிறவன் அதே வேகத்தில் இருவழிக்குள் நுழைவான். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்துக்குத்தான் போக வேண்டும். எதிரே ஓர் இருபது வயதுப் பையன், வீட்டில் சொன்ன வேலையை முடித்துவிட்டு, தன் பக்கத்தில் வந்துகொண்டிருப்பான். பல வருஷக் கோரிக்கைக்குப் பிறகு இந்தப் புறவழிச் சாலைகளையும் நான்குவழியாக்கும் வேலையை எடுத்தார்கள். எங்கள் ஊர்வலம் நடந்த 2018-இல் அது வெறும் கோரிக்கை.

6

கடைசியாக எண்ணிக்கை. ஒரு திட்டம் சாவைக் குறைத்ததா என்று கேட்பதற்கு முன்னால், செத்தவர்களை எண்ணியிருக்க வேண்டும்.

2016-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,218 பேர். 2017-இல் 16,157. அதற்குப் பிறகு எண் சரசரவென்று இறங்கியது: 2018-இல் 12,216, 2019-இல் 10,525, ஊரடங்கு வருஷமான 2020-இல் எட்டாயிரம் சொச்சம். உலக வங்கி பாராட்டியது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மேடைக்கு மேடை மற்ற மாநிலங்களுக்குத் தமிழ்நாட்டை முன்மாதிரியாகக் காட்டினார். ஆம்புலன்ஸ், வேகத்தை அளக்கும் கருவி, லைசென்ஸ் நிறுத்தம், அவசர சிகிச்சை மையங்கள் என்று பல காரணங்கள் சொன்னார்கள். நானும் அதைப் படித்துப் பெருமைப்பட்டேன். அவன் கொஞ்சம் தள்ளிப் பிறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நினைத்தேன்.

பிறகு 2021-இன் எண் வந்தது: 15,384. 2022-இல் 17,884. முன்மாதிரி மாநிலத்தில் திடீரென்று என்ன ஆயிற்று என்று பார்த்தால், ஆனது வேறு. அமைச்சகத்தின் அடுத்தடுத்த அறிக்கைகளில் பழைய வருஷங்களின் எண்களே மாறியிருந்தன. 2018-க்கும் 2019-க்கும் தமிழ்நாட்டின் திருத்திய கணக்கு 18 ஆயிரத்தைத் தாண்டியது. 2020-க்கு 14 ஆயிரத்தைத் தாண்டியது. ஊரடங்குக்கு முன்னால் சாவு குறையவே இல்லை. காகிதத்தில் மட்டும் குறைந்திருந்தது. மூன்று வருஷத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் செத்தும் எண்ணிக்கைக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒரு சாவு எப்படி எண்ணிக்கைக்குள் வருகிறது என்பதை நான் மாமாவோடு அலைந்து தெரிந்துகொண்டேன். ஸ்பாட்டிலேயே செத்தால் வழக்கு முதலிலேயே உயிரிழப்பு வழக்காகப் பதிவாகும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் காயம் என்று பதிவாகும். பிறகு வெளியூரில் செத்தால், அங்கிருந்து தகவல் வந்து, இங்கே பிரிவை மாற்ற வேண்டும். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலைச் சாவு என்பது உலக வழக்கம். ஆனால் அந்த 30 நாளில் காகிதம் நடக்க வேண்டும். என் நண்பனின் காகிதம் நான்கு மாதம் நடந்தது. மாமா ஐந்து தடவை போனார். கடைசி தடவை ஸ்டேஷனில் ஓர் ஏட்டையா இரக்கப்பட்டு, "இத மாத்தலன்னா கேஸே நிக்காது சார், நான் பாத்துக்கறேன்" என்று செய்துகொடுத்தார். இழப்பீட்டு வழக்கு இல்லையென்றால் மாமா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். அந்த வருஷத்தின் முதல் கணக்கு 12,216. திருத்திய கணக்கில் கூடுதலாக வந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். அந்த ஆறாயிரத்தில் ஒருவனாகத்தான் அவனை நான் நினைத்துக்கொள்கிறேன்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2016-இல் 17,218 என்று இருந்தது 2023-இல் 18,347. இடையில் வண்டிகள் பெருகிய அளவுக்குச் சாவு பெருகவில்லை. 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது, விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கே ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது. இவை எத்தனை உயிரைப் பிடித்து நிறுத்தினவோ, அதைச் சரியாகச் சொல்லக்கூட நமக்கு ஒழுங்கான எண்கள் வேண்டியிருக்கின்றன. பொய்யாகக் குறைந்த எண்ணின் பெரிய தீங்கு இதுதான். உண்மையிலேயே வேலை செய்ததையும் அது மறைத்துவிடும்.

2024 ஜூனில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அமைச்சர்கள் வந்தார்கள், அதிகாரிகள் மாறினார்கள், உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையை விசாரித்தது. வந்தது சரி, வர வேண்டியதுதான். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 பேர் சாகிறார்கள். ஒன்றரை நாளுக்கு ஒரு கருணாபுரம். ஆனால் அவர்கள் ஒரே தெருவில் சாகவில்லை. அதனால் யாரும் வரவில்லை.

7

போன பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். அவன் தங்கை இப்போது ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறாள். வாசல் தாண்டும்போதே ஹெல்மெட் வாரை இழுத்துவிட்டுத்தான் அத்தை அவளை அனுப்புகிறார். அந்த வீட்டில் சட்டம் வாரத்துக்கு ஒருநாள் இல்லை, தினமும்.

பேச்சுவாக்கில், அன்றைக்கு அவர் கேட்டதை ஞாபகப்படுத்தினேன். அவருக்கு ஞாபகம் இல்லை.

"ஊர்வலத்துல ஒண்ணும் சொல்லிக் குடுக்கல அத்த," என்றேன். "அவன் தெரிஞ்சிக்க வேண்டியது ஒண்ணும் பாக்கி இல்ல. ரோடு போட்டவங்கதான் தெரிஞ்சிருக்கணும்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவன் மேல தப்பு இல்லியாடா?" என்று கேட்டார்.

ஹெல்மெட் போடாதது தப்புதான் என்று சொன்னேன். ஆனால் செத்துப்போகிற அளவுக்கான தப்பு அவன் எதுவும் செய்யவில்லை என்றும் சொன்னேன். ஏழு வருஷமாக அந்த வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எஃப்.ஐ.ஆர். சொன்னதைத்தான் அவர்களும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

திரும்பும்போது கடைவீதியில் சாலைப் பாதுகாப்பு மாத ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் இரண்டு பையன்கள் பேனரின் இரு முனைகளையும் பிடித்திருந்தார்கள். காற்றில் துணி சுருட்டிக்கொண்டு போக, அதை இழுத்து நேராக்கிச் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். நான் வண்டியை ஓரம் கட்டி, அவர்கள் போகும்வரை நின்றேன்.